இரண்டாம் மேசையிலிருந்து ஐந்தாம் மேசைக்கு

அந்த மனிதரைப் பத்து நிமிடம் தொடர்ந்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவதாக அவருடைய ஃபோர்மேன் பந்தயம் கட்டியிருந்தார். பல வருடங்களாக யாரும் அந்த டீயைக் குடிக்கவில்லை. பட்டறையில் அவர் பெயர் ஸ்பிரிங். எங்கள் பள்ளிக்கு முதல் முறை வந்தபோது அவரே அதைச் சொல்லிக்கொண்டார். "வீட்ல வெச்ச பேரு ஒண்ணு இருக்கு சார். கூப்பிட்டா எனக்கே திரும்பிப் பார்க்கத் தோணாது."

சொல்லும்போதே எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தார், மூடினார், சுவரில் சாய்ந்தார், மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் வலது முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

அவர் வந்தது எங்கள் செவ்வாய்க்கிழமை மேசைக்காக. அது என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் எல்லா மாதிரியான பிள்ளைகளும் உண்டு. நேற்றுதான் வேறு நாட்டிலிருந்து வந்து எங்கள் மொழியில் 'தண்ணி' மட்டும் கேட்கத் தெரிந்த பிள்ளை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, ஒரு வரியைப் படிக்க ஒரு பீரியட் எடுத்துக்கொள்ளும் பிள்ளை, ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்திவிடும் பிள்ளை. முன்பெல்லாம் சிலரைப் பிரித்து ஒரு தனி அறையில் வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அந்த அறையைக் கலைத்து, பிள்ளைகளை எல்லா வகுப்புகளிலும் சேர்த்தோம். அறையில் இப்போது உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஐந்தாம் வகுப்பில் ஆறு மேசைகள். மேசைக்கு நான்கு பிள்ளைகள், ஒரு பெரியவர். பெரியவர் என்றால் ஆசிரியர் அல்ல. தெருவில் சலூன் வைத்திருப்பவர், பேருந்து ஓட்டுநர், பேக்கரியில் மாவு பிசையும் அக்கா, யாராவது. ஒரே கணக்கை எல்லா மேசைக்கும் தருவோம். பதில் எப்படி வந்தது என்று நான்கு பேருமே சொல்ல முடிந்தால்தான் தாளைக் கொடுக்கலாம். பெரியவர் பதில் சொல்லக் கூடாது. "இவ சொன்னாளா? இவன் சொன்னானா?" என்று கேட்பது மட்டும்தான் அவர் வேலை. இன்னொரு விதியும் உண்டு. சொந்தப் பிள்ளையின் மேசையில் யாரும் உட்காரக் கூடாது.

இந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பு நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என் பட்டமளிப்புப் போட்டோவை அம்மா இன்னும் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அதனால் வகுப்பில் ஏதாவது நன்றாக நடந்தால் அது என் படிப்பால் நடந்தது என்று நினைத்துக்கொள்ளும் ஒரு வியாதி எனக்கு உண்டு. அது இந்தக் கதையில் எனக்கு வேலை வைத்தது.

ஸ்பிரிங்கின் மகளுக்குப் பதினொரு வயது. பிறவியிலிருந்தே காது கேட்காது. அவளுக்கு இரண்டு வயதில், சமையலறையில் பெரிய பாத்திரம் விழுந்து பக்கத்து வீட்டுக் குழந்தையெல்லாம் அலறியபோது, இவள் மட்டும் திரும்பாமல் பொம்மையின் கையை முறுக்கிக்கொண்டிருந்தாளாம். "என் பொண்டாட்டி அழுதா. எனக்கு மட்டும் அப்போ என்ன தோணுச்சு தெரியுமா சார்? அட, நம்ம பட்டறை ஆளு!" என்றார்.

அவர் வேலை செய்வது தகடு அழுத்தும் பட்டறை. ஒரு பிரஸ் கீழே இறங்கினால் தரை அதிரும். அப்படிப் பதினான்கு பிரஸ். அங்கே வாயால் பேசி வேலைக்கு ஆகாது. எல்லாம் கைதான். முஷ்டியைச் சுற்றினால் மெஷினை ஓட்டு. தோளில் ஒரு தட்டு தட்டினால் பத்து. பெரிய தகட்டை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து வைக்கும்போது, ஒருவன் தன் மணிக்கட்டை மறு கையால் பிடித்து நெஞ்சுக்கு இழுத்துக் காட்டுவான்: கையை எடு. எதிரே இருப்பவன் இரண்டு கைகளையும் காது உயரத்துக்குத் தூக்குவான்: எடுத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் பிரஸ் இறங்கும்.

இந்தப் பாஷையைத்தான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். சோறு போடு, பள்ளிக்கு நேரமாச்சு, கொழுப்பா உனக்கு, எல்லாம் பட்டறைக் கைதான். அவர் மனைவி பிஸ்கட் பேக்கிங்கில் வேலை. அவருக்கும் வந்துவிட்டது. அந்த வீட்டில் சண்டை நடந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவே கேட்காது. வளையல் சத்தம் மட்டும் வரும்.

ஸ்பிரிங்குக்கு இடது ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது. எதிரே நின்றவன் வைத்த தகடு கோணலாக இருந்தது. இவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கடைசி நொடியில் அதைச் சரிசெய்ய மறுபடி உள்ளே விட்டார். "அவன் பக்கம் தப்பே இல்ல சார். எடுத்துட்டேன்னு சொல்லிட்டு மறுபடி விட்டது நான்தான். பாவம், அவனுக்கு உதவலாம்னு." அப்புறம் சிரித்தார். "இப்ப அரைன்னு சொல்லணும்னா எங்க பட்டறையில என் விரலத்தான் காட்டுவாங்க."

முதல் செவ்வாயன்று அவரை இரண்டாம் மேசையில் உட்கார வைத்தேன். மகள் ஐந்தாம் மேசை. நடுவில் நான்கு தலை தூரம். அன்று அவர் கண் ஒரு தடவைகூட இரண்டாம் மேசையில் இல்லை. மகளுடைய மேசையில் கணக்கு மெதுவாக நகர்ந்தது. அந்த மேசையின் பெரியவர் சலூன்காரர். அவர் குனிந்தபடியே பேசுவார், அதனால் அவளால் அவர் உதட்டைப் படிக்க முடியாது. பிள்ளைகள் சிலேட்டில் எழுதிக் காட்டினார்கள், அழித்தார்கள், மறுபடி எழுதினார்கள். மற்ற மேசைகள் தாளைக் கொடுத்துவிட்டன. ஐந்தாம் மேசை இன்னும் சிலேட்டை இழுத்துப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மகளின் முழங்கை வரை சாக்பீஸ் தூள்.

மணி அடித்ததும் ஸ்பிரிங் என்னைத் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். வேறு நகரத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே இருக்கும் பள்ளியின் படிவம். விடுதியோடு இடம் கிடைத்துவிட்டது. அவர் கையெழுத்தும் எங்கள் தலைமையாசிரியையின் முத்திரையும் போட்டு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் எங்கள் அலுவலகத்தில் கொடுத்தால் கிளார்க் அனுப்பிவிடுவார்.

"அங்க எல்லாரும் கையாலதான் பேசுவாங்க சார். இவளுக்காக யாரும் நின்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. இங்க பாருங்க, எல்லாரும் முடிச்சுட்டாங்க. இவ மேசை மட்டும்..." முடிக்காமல் கதவு வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். "நல்ல ஸ்கூல். போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஆனா வீட்டுக்கு மாசத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"அவ அம்மா, நீயே முடிவு பண்ணுங்கறா. அத சொல்லிட்டு மூணு நாளா முகத்த திருப்பிக்கிட்டு இருக்கா. பாப்பாகிட்ட கேட்டா தோள குலுக்கறா. அதுக்கு எங்க பட்டறைல அர்த்தம் கிடையாது சார்."

நான்கு செவ்வாய் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று பேசிக்கொண்டோம். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார்.

இரண்டாம் செவ்வாய் ஐந்தாம் மேசை மூன்றாவதாக முடித்தது. மூன்றாம் செவ்வாய் முதலாவதாக முடித்தது. பதிலை முதலில் எழுதியது ஸ்பிரிங்கின் மகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பு முடிந்ததும் பெரியவர்கள் பத்து நிமிடம் வட்டமாக நின்று பேசுவது வழக்கம். அதில் நான் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். மாத அறிக்கையிலும் எழுதினேன்: மூன்றே வாரத்தில் வியக்கத்தக்க முன்னேற்றம். தலைமையாசிரியை அதை மேலிடத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். அன்று என் பெயருக்குக் கீழே பட்டத்தையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வட்டத்தில் சலூன்காரர் மட்டும் முணுமுணுத்தார். "என்னவோ சார், இப்பல்லாம் அந்த மேசைல சண்டையே இல்ல. எனக்குக் கொட்டாவி வருது."

எல்லோரும் சிரித்தோம். ஸ்பிரிங் சிரிக்கவில்லை. அரை விரலைச் சொறிந்துகொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டார்.

உடைத்துச் சொன்னவன் ரேடியோ. இரண்டாம் மேசைப் பையன். வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று நினைப்பவன், அதனால் அந்தப் பெயர். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து என் காதருகே, அதாவது பத்தடிக்குக் கேட்கும்படி, சொன்னான். "சார், ஸ்பிரிங் மாமா அஞ்சாம் மேசைக்கு ஆன்சர் அனுப்பறாரு. தோள தட்டினா பத்து. விரல் ஒண்ணு. அந்த வெட்டுப்பட்ட விரல் அரை. போன வாரம் பன்னெண்டரைனு அனுப்பினாரு, நானே படிச்சேன். எனக்கு இப்ப எல்லாம் தெரியும் சார்."

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"எங்க மேசைக்கும் அதானே சார் ஆன்சர்."

சாயங்காலம் வகுப்பறைக்குத் திரும்பிப் போய் ஐந்தாம் மேசையைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை முடிந்தால் அந்த மேசை சாக்பீஸ் தூளில் வெள்ளை வெளேரென்று கிடக்கும். அன்று துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. சிலேட்டில் ஒரே ஒரு எண். சலூன்காரரின் கொட்டாவி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதில் அவள் கைக்கு முதலில் வந்துவிடுவதால் அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மூன்று பிள்ளைகள் ஒரு பக்கம் பேசி முடித்தார்கள். இவள் பதிலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். சிலேட்டில் சரியான எண் இருந்ததால் சலூன்காரரும் அவளை எப்படி என்று கேட்காமல் விட்டுவிட்டார். பழைய தனி அறையை ஐந்தாம் மேசையிலேயே கட்டியாயிற்று. அதற்கு நான் பாராட்டு அறிக்கை வேறு எழுதியிருந்தேன்.

கடைசிச் செவ்வாய் காலையில் அவரை உடைந்த பெஞ்சுகள் கிடக்கும் அறை வாசலில் நிறுத்தினேன்.

"ரேடியோ சொல்லிட்டானா?" என்றார் நான் வாயைத் திறப்பதற்குள்.

"ஏண்ணே இப்படி?"

"தெரிஞ்சுதான் பண்ணினேன் சார். எல்லாரும் முடிச்சப்புறம் அவ முகம் இருக்கே, அதப் பார்த்துட்டு என்னால ஒக்கார முடியல. கை தானா போயிடுது." கதவின் தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே சொன்னார். "இப்ப மாட்டிக்கிட்டது நான்தான். நாலு வாரம் பார்த்து முடிவு பண்ணலாம்னு வந்தேன். பார்த்தது என்ன? என் பதிலையே நான் பார்த்துட்டு இருக்கேன். அவளப் பார்க்கவே இல்ல. வெள்ளிக்கிழமை கையெழுத்து போடணும்."

அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அவர் எதையும் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். "இன்னிக்கு உங்க நாற்காலிய மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போடறேன்" என்றேன்.

"தாராளமா போடுங்க. கழுத்தும் ஸ்பிரிங்தான் சார்."

அன்றைய கணக்கு இது. மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் நாற்பது அகலமுள்ள அறை. மூலையில் தரையோடு கட்டிய அலமாரி, தொண்ணூறுக்கு அறுபது சென்டிமீட்டர். முப்பது சென்டிமீட்டர் சதுர ஓடு. தரைக்கு எத்தனை ஓடு வேண்டும்?

ஐந்தாம் மேசையில் 'குடை' என்று ஒரு பெண். வெயிலோ மழையோ குடையில்லாமல் வரமாட்டாள். அவள் சட்டென்று எண்பது என்று எழுதினாள். நீளத்துக்குப் பத்து, அகலத்துக்கு எட்டு. ஸ்பிரிங்கின் மகள் தலையை ஆட்டி மறுத்து சிலேட்டைப் பிடுங்கினாள். அறையை வரைந்தாள். மூலையில் ஒரு கட்டம் போட்டாள். குடைக்கு அது புரியவில்லை. அதை ஜன்னல் என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்பிரிங்குக்கு அது தெரியாது. மகள் தலையை ஆட்டுவதும் சிலேட்டைப் பிடுங்குவதும் மட்டும்தான் தெரிந்தது. கழுத்து திரும்பியது. முழங்கால் ஆட ஆரம்பித்தது. அடுத்து என்ன செய்வார் என்று தெரிந்தும் நான் அசையவில்லை. அவர் கை மெல்லத் தோளுக்குப் போய் எட்டுத் தடவை தட்டியது.

"என்ன மாமா, கொசுவா?" என்றான் ரேடியோ.

எண்பது. அவரும் அலமாரியை மறந்துவிட்டார்.

மகள் பார்த்தாள். ஏழு தடவை தன் தோளைத் தட்டி நான்கு விரல் காட்டினாள். அவர் இல்லை இல்லை என்று தலையாட்டி மறுபடி எட்டு தட்டினார், இந்த முறை பலமாக. குடை துள்ளி எழுந்தாள்.

"பாத்தியா, உங்கப்பாவே எம்பதுங்கறாரு!" சொல்லிவிட்டு அதையே சிலேட்டிலும் எழுதிக் காட்டினாள். எனக்கு மட்டும்தான் இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது. அந்த மேசைக்கு எப்போதோ தெரியும்.

மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றாள். அப்பாவை நேராகப் பார்த்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நெஞ்சுக்கு இழுத்தாள். ஒரு தடவை. அவர் அசையாததைப் பார்த்து இன்னொரு தடவை, வெடுக்கென்று.

ஸ்பிரிங்கின் முகம் வெளுத்துவிட்டது. இருபது வருடப் பழக்கம். அந்தச் சைகையைப் பார்த்தால் யோசிப்பதற்கு முன்னால் கை வெளியே வந்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அவள் அவரை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. குடையின் பென்சில் பெட்டியை எடுத்து, வரைந்த அறையின் மூலையில் டக்கென்று வைத்தாள். அதன் அடியில் விரலை நுழைக்கப் பார்த்து, நுழையாது என்று காட்டினாள். குடை பெட்டியைத் தூக்கினாள். மகள் மறுபடி வைத்தாள். குடை, "ஆனா அலமாரிக்கு அடியிலயும் ஓடு போடலாம்ல?" என்றாள். சலூன்காரர் நிமிர்ந்து, அவளுக்கு உதடு தெரியும்படி, "இவ கேக்கறா பாரு, நீ சொல்லு" என்றார். அவள் கணக்குத் தாளில் 'தரையோடு கட்டிய' என்ற வார்த்தையை மூன்று தடவை கோடு போட்டுக் காட்டினாள். சிலேட்டை இருவரும் இழுத்தார்கள். மற்ற இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். சாக்பீஸ் உடைந்தது. மற்ற மேசைகள் தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வேடிக்கை பார்த்தன.

பதினோரு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் அந்தப் பதினோரு நிமிடமும் எழுந்திருக்கவில்லை. கழுத்து நரம்பு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் மேசை கடைசியாகத் தாளைக் கொடுத்தது. எழுபத்து நான்கு. நான்கு பேரில் யாரைக் கேட்டாலும் அது எப்படி வந்தது என்று சொல்லத் தெரிந்தது. குடைதான் அதிகம் சொன்னாள், தோற்றவள் என்பதால் இன்னும் விலாவாரியாக.

வட்டத்துக்கு ஸ்பிரிங் நிற்கவில்லை. வாசலில் பிடித்தபோது, "ஷிப்டுக்கு நேரமாச்சு சார்" என்றார். நேரம் ஆகவில்லை.

அன்று மாலை தலைமையாசிரியையிடம் போய் என் அறிக்கையைத் திருப்பிக் கேட்டேன். "அனுப்பிட்டேனே தம்பி" என்றார். அனுப்பியதைத் திருத்தி இன்னொன்று எழுதிக் கொடுத்தேன். அதில் பட்டம் போடாமல் வெறும் பெயரை மட்டும் எழுதினேன். எழுதும்போது காது சூடானது.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கே ஸ்பிரிங் பள்ளி வாசலில் இருந்தார். வேலைச் சட்டை, எண்ணெய்க் கறை, சட்டைப் பையில் மடித்த தாள். கேட்டுக்கும் கொய்யா மரத்துக்கும் இடையில் நடந்தார். நான் இரண்டு வகுப்பு முடித்து வந்தபோதும் நடந்துகொண்டிருந்தார்.

"நாலு மணிக்குத்தானே சார் கவர் ஒட்டுவாங்க?"

"ஆமா."

"அப்ப இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"இருக்கு."

"அங்க போனா அவளுக்கு நல்லாத்தான் இருக்கும். அது பொய் இல்ல சார்." மரம் வரை போய் வந்தார். "ஆனா அந்தக் குடைப் பொண்ணுகூட அவ சண்ட போட்டத... அத நான் வீட்ல பார்த்ததே இல்ல. வீட்ல நாங்க எல்லாத்துக்கும் விட்டுக்குடுத்துருவோம்." மறுபடி மரம். "கையெழுத்து போட்டுத்தான் வெச்சிருக்கேன். குடுக்கணுமா வேணாமாங்கறதுதான்."

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளார்க் அலுவலக வாசலில் எட்டிப் பார்த்தார். கையில் பசைப் புட்டி. "அண்ணே! நீங்க நடந்து நடந்து எங்க தரையே பள்ளமாயிடும் போல. ஒட்டட்டுமா, வேண்டாமா?"

ஸ்பிரிங் மறுபடி மரம் வரை போய் வந்தார். மணி அடித்தது.

பிள்ளைகள் வெளியே கொட்டினார்கள். மகள் குடையோடு வந்தாள். குடை தோளை ஆறு தடவை தட்டிவிட்டு விரல்களைத் தப்பும் தவறுமாக மடக்கிக் காட்டினாள். மகள் அந்த விரல்களைப் பிடித்துச் சரியாக மடித்துவிட்டாள். அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தை, பிறகு சட்டைப் பையை. பையிலிருந்து தாளின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கை அதன் மேல் இருந்தது.

அவள் சைகை எதுவும் செய்யவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

ஸ்பிரிங் கையைப் பையிலிருந்து எடுத்தார். இரண்டு கைகளையும் காது உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். கிளார்க்குக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ துப்பாக்கி நீட்டிவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, உள்ளே போய் அந்தத் தாள் இல்லாமலே கவரை ஒட்டினார்.

"சார்," என்றார் ஸ்பிரிங், கை இன்னும் மேலேயே இருக்க. "இந்தப் படிவம் அடுத்த வருஷமும் வரும்ல?"

"வரும்ணே."

"அப்ப இன்னும் ஒரு வருஷம் தூங்க முடியாது."

கையை இறக்கி மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அவள் நடந்துகொண்டே இரண்டு கைகளாலும் அவருக்கு எதையோ சொல்லிக்கொண்டு போனாள். அவர் பத்தடி முன்னால் போவதும், முழுதும் பார்ப்பதற்காகத் திரும்பி அவளிடம் ஓடி வருவதும், மறுபடி முன்னால் போவதுமாக இருந்தார். தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தூரத்தை மகள் ஒரு தடவை நடந்தால் அவர் மூன்று தடவை நடந்திருப்பார். அப்போதுதான் பந்தயம் நினைவுக்கு வந்தது. பதினோரு நிமிடத்துக்குச் சாட்சி நான். டீயை யாரிடம் போய்க் கேட்பது?